எலுமிச்சைக்காரியின் பதினோராவது பழம்

எல்வீரா மொண்டால்வோவின் கட்டைவிரலை, ஆலை வாசலில் மாட்டியிருக்கும் வருகைப்பதிவு இயந்திரம் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. மற்றவர்கள் விரலை வைப்பார்கள், பச்சை விளக்கு எரியும், பேசிக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள். இவள் வைத்தால் சிவப்பு. ஜீன்ஸில் துடைத்துவிட்டு வைத்தாலும் சிவப்பு. ஊதி, தேய்த்து, மூன்றாம் முறை அழுத்தினால் சில நாள் அதற்கு மனம் இரங்கும். இரங்காத நாட்களில் காவலாளி வெர்னன் ஒரு நோட்டைப் பிரித்து, "எ.மொ." என்று கிறுக்கி அவளை உள்ளே விடுவான். இருபத்தேழு வருஷமாக உப்புத்தாளும் தின்னரும் அரித்துத் தின்ற விரலில் ரேகை எங்கிருந்து வரும்? இயந்திரத்துக்குத்தான் புத்தி இல்லை, அதை வாங்கி மாட்டியவர்களுக்காவது இருந்திருக்கலாம்.

பத்தொன்பது வயதில் ஹலிஸ்கோவிலிருந்து எல்லை தாண்டி, கொரோனா என்கிற இந்த ஊருக்கு அத்தை வீட்டைத் தேடி வந்தவள் எல்வீரா. வந்த புதிதில் எலுமிச்சை அடுக்கும் கொட்டகையில் நின்றாள். அதை மூடியதும் சலவைக்கடை, அப்புறம் இந்த எலெக்ட்ரிக் கிட்டார் ஆலை. முதலில் செம்புக் கம்பி சுற்றினாள், பிறகு மரம் தேய்த்தாள், கடைசியில் பெயிண்ட் பீய்ச்சும் கூடத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் நின்றாள். ஆனால் அவள் ஆசைப்பட்டது பிரஷ் பிடிக்கும் வேலைக்கு. அவள் தெருவுக்குப் போனால் தெரியும். வீட்டுக்கு வீடு தபால் பெட்டியில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும், எல்லாம் இவள் கைவேலை. மூலை வீட்டுப் பெட்டியில் இருக்கும் சேவலுக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் மூக்கு ஒன்றுபோலவே அமைந்துவிட்டது. அவர் இரண்டு மாதம் இவளிடம் பேசவில்லை.

பிரஷ் வேலை வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்ற பதில்தான் வந்தது. நான்காவதாக எழுதிக் கொடுக்காமலே வாய்ப்பு வந்து கதவைத் தட்டியது. அதைக் கொண்டுவந்தது லாலோ வெர்டூஸ்கோவின் கிட்டார்.

லாலோ இந்த ஊர்ப் பையன். எலுமிச்சைத் தோட்டத்துக் கூலிக்காரரின் மகன். அவன் ராக் பாட்டைக் கேட்டு உலகமே எழுந்து ஆடியது. அவன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகியும் இங்கே கல்யாணமோ ஞானஸ்நானமோ அவன் பாட்டு இல்லாமல் முடியாது. பதினேழு வயதில் அவனே கையால் வண்ணம் தீட்டிய கிட்டாருக்கு "எலுமிச்சைக்காரி" என்று பெயர். கிட்டாரை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறவனுக்கு நேராகத் தெரியும்படி அதில் ஒரு எலுமிச்சை மரம் இருக்கும், எதிரே நிற்பவர்களுக்கு அது தலைகீழ். மரத்தில் பத்தொன்பது பழம். ஒவ்வொரு பழத்தின் உச்சியிலிருந்தும் மெல்லிசாக, நீளமாக, மஞ்சள் தீக்கொழுந்து ஒன்று எழும்பும். எரியும் எலுமிச்சை மரம். அந்தத் தீக்கு அர்த்தம் சொல்லியே நாலைந்து பேர் புத்தகம் எழுதிப் பிழைத்தார்கள். தோட்டத் தொழிலாளிகளின் கோபம் என்றார் ஒருவர், பரிசுத்த ஆவி என்றார் இன்னொருவர்.

பதினோராவது பழத்துக்கு மட்டும் தீ இல்லை. தீ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் தீற்றல், பக்கத்தில் இரண்டு சின்னப் புள்ளி. புள்ளிகள் இரண்டும் நட்சத்திரமாம். தீற்றல் அவன் முழங்கை பட்டுப் பட்டு அழிந்ததாம். அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த எலுமிச்சைக்காரியைப் போலவே நூறு கிட்டார் செய்ய வேண்டும் என்று லாலோ குடும்பத்தோடு ஆலைக்கு ஒப்பந்தம். குடும்பம் என்றால் இப்போது தங்கை சேலா ஒருத்திதான், எழுபது வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் மாதிரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நூறையும் எல்வீரா கையால் வரையலாம். போடாவிட்டால் படத்தைப் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து ஒட்டிவிடுவது, எல்வீரா முகமூடியை மாட்டிக்கொண்டு பழைய கூடத்துக்கே திரும்பிப் போவது. மேலாளர் ராண்டால் இதை மிகவும் நயமாகச் சொன்னார். நயமாகச் சொன்னதால் விஷயம் ஒன்றும் மாறிவிடவில்லை.

முதல் மாதிரியை வரைய எல்வீரா ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். சேலா வந்தாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், கிட்டாரை மடியில் போட்டு ஐந்து நிமிஷம் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

எல்வீராவுக்கு மூச்சு வந்தது.

"அதாம்மா தப்பு. எங்க அண்ணன் அவன் ஆயுசுல இவ்வளவு அழகா ஒண்ணும் செஞ்சதில்ல. அவன் வரைஞ்சா மாட்டுக்கும் மேசைக்கும் வித்தியாசம் தெரியாது. நீ சர்ச் சுவத்துக்கு வரையிற மாதிரி வரைஞ்சு வச்சிருக்க."

கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நன்றாகச் செய்ததற்குத் திட்டு வாங்கினால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? எல்வீரா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் சேலா சொன்னது பொய் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். அசல் கிட்டார் பூட்டிய பெட்டியில், காவலோடு, இரண்டே நாள் ஆலைக்கு வந்து போயிருந்தது. அப்போது எடுத்த படம் அதே அளவில் அவள் வேலை செய்யும் அறைச் சுவரில் தொங்கியது. அதன்முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இவன் எப்படித்தான் வரைந்தான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு நேராக இல்லை, சரி. ஆனால் குடிகாரன் கோடு மாதிரியும் இல்லை, குழந்தை கோடு மாதிரியும் இல்லை. எல்லாக் கோடும் ஒரே மாதிரி கோணிக்கொண்டு, ஒரே நீளத்தில் போய் நின்றது. அந்தக் கை ஏன் அதற்குமேல் போகவில்லை என்பது அவளைத் தூங்கவிடாமல் அரித்தது.

இடது கையால் வரைந்து பார்த்தாள். வேலியடிக்கும் மட்டமான பிரஷ்ஷால் வரைந்து பார்த்தாள். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டும் பார்த்தாள்.

"ரெண்டு பீர் குடிச்சிட்டு வரைஞ்சு பாரு, கொமாத்ரே" என்றான் டாச்சோ.

டாச்சோ பக்கத்து மேசைக்காரன், எல்வீராவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில்தான் இருபது வருஷமாக இவள் அவனுக்குக் கொமாத்ரே, அவன் இவளுக்குக் கொம்பாத்ரே. அவன் பார்ப்பது பழசாக்கும் வேலை. பளபளவென்று வரும் புதுக் கிட்டாரைச் சாவிக்கொத்தால் அடித்து, பிளேடால் கீறி, பெல்ட் கொக்கியால் தேய்த்து, ஐம்பது வருஷம் மேடையில் அடிபட்டது மாதிரி ஆக்கித் தருவான். வீட்டில் இதையே காசு வாங்காமல் செய்கிறான் என்று அவன் பெண்டாட்டி சொல்லிக்கொண்டு திரிவாள்.

"நீ குடிச்சிட்டு உளர்றது பத்தாதா?"

"நான் குடிக்காமலே உளறுவேன். உனக்குத்தான் கை ரொம்ப சுத்தம். மருந்துக்கு ஒரு தப்பு செய்ய வராது. பாவம், எப்படித்தான் பொழைக்கப் போறியோ."

அவன் கேலி செய்தாலும் விஷயம் அதுதான். இந்த ஆலையில் பெயிண்ட் வழிந்தால் அது குற்றம். ஒழுகல் என்பார்கள். ஒரு கோடு ஒழுகினாலும் பரிசோதகர் சிவப்புக் குச்சியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பதினெட்டு வருஷமாக எல்வீராவின் கண் ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்தது, கட்டைவிரல் அதைத் துடைத்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில் கூடத் துடைப்பாள் என்று சத்தியம் செய்வான் டாச்சோ. ஆலையில் இன்னொரு பழக்கம், கிட்டாரை எப்போதும் கழுத்தைப் பிடித்து, செங்குத்தாகக் கொக்கியில் மாட்டுவது. பெயிண்ட் அடிக்கவும் அப்படித்தான், காயவும் அப்படித்தான். சுவரில் இருந்த அந்தப் படத்தையும் அப்படியேதான் மாட்டியிருந்தார்கள், கழுத்து மேலே, வால் கீழே. வேறு மாதிரி மாட்டலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சேலா வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சேலா வேண்டாமென்று தள்ளிய மாதிரியை டாச்சோவிடமே கொடுத்திருந்தார்கள், பழகிப் பார்ப்பதற்கு. அவன் அதை வாரோடு தோளில் மாட்டிக்கொண்டு, பெல்ட் கொக்கி கிட்டாரின் முதுகில் உரசும்படி இடுப்பை ஆட்டி ஆட்டி நின்றுகொண்டிருந்தான். அறைக்குள் சாப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அதன் கீழேதான் நின்று டாக்கோ தின்றுகொண்டிருந்தான். அவன் தொப்பை கிட்டாரைக் கொஞ்சம் மேல்பக்கமாகத் தூக்கிக் கொடுத்திருந்தது. டாக்கோவிலிருந்து சிவப்புச் சட்னி ஒரு சொட்டு நேராக நாலாவது பழத்தின் மேல் விழுந்தது. விழுந்தது வழிந்தது.

எல்வீராவின் கை தானாக எழுந்தது. பாதியிலேயே நின்றது.

"அசையாத" என்றாள்.

"துடைச்சிடறேன், கத்தாத."

"அசைஞ்சா கொன்னுருவேன், கொம்பாத்ரே. அப்படியே நில்லு."

சட்னி மெதுவாக, நூல் பிடித்த மாதிரி, கீழ் விளிம்பை நோக்கி இறங்கியது. எல்வீரா வரைந்து வைத்திருந்த மஞ்சள் தீக்கொழுந்துக்குப் பக்கத்திலேயே, அதை ஒட்டினாற்போல் இறங்கியது. அதே சாய்வு, அதே மெலிசு, நுனியில் அதே சின்ன உருண்டை.

அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினாள். கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்குமோ அப்படிக் குறுக்காகப் பிடிக்கச் சொன்னாள் டாச்சோவிடம். நூலில் கனத்துக்கு ஒரு இரும்பு மரையைக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொரு தீக்கொழுந்தாக வைத்துப் பார்த்தாள். கழுத்துப் பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தினார்கள். பதினெட்டுத் தீயும் நூலோடு நேராக நின்றது.

டாச்சோ வாயில் இருந்ததை மென்று முழுங்கினான். "அப்ப இது தீ இல்லையா?"

"தீயும் இல்ல, திரியும் இல்ல. பெயிண்ட் ஒழுகியிருக்கு. நாம பார்த்தா சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவோம். மாட்டிக்கிட்டே வரைஞ்சிருக்கான், கொம்பாத்ரே. தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு, குனிஞ்சு பார்த்துக்கிட்டு."

"அப்ப பரிசுத்த ஆவி?"

"அதை நீ சாமியார்கிட்ட கேளு."

கோடு ஏன் கோணியது, கை ஏன் அந்தத் தூரத்தோடு நின்றது என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தோளில் தொங்கும் கிட்டாரின் முகத்தை மேலேயிருந்து எட்டிப் பார்த்து வரைந்தால் மணிக்கட்டு அதற்குமேல் மடங்காது. எல்வீரா சிரித்தாள். பதினெட்டு வருஷம் ஒழுகலைத் துடைத்தவள் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒழுகலைச் சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக அழகாக வரைந்திருக்கிறாள், அதுவும் தெரியாமல். இந்தக் கூத்து வேறு யாருக்கு வாய்க்கும்?

ராண்டாலிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் தொங்கிப்போயிற்று. எரியும் எலுமிச்சை மரம் என்று விளம்பரப் புத்தகம் அச்சாகிவிட்டது.

"எல்வீரா, இதை இப்போதைக்கு வெளிய சொல்ல வேண்டாம். நீங்க எப்படி வேணாலும் வரைங்க. தீ தீயாவே இருக்கட்டும்."

"நான் எதுக்கு சார் சொல்றேன். எனக்கு ஒரு வார் மட்டும் கொடுங்க."

அன்றிலிருந்து கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே வரைந்தாள். பெயிண்டை வேண்டுமென்றே தண்ணியாகக் கலந்தாள். முதல் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது, இரண்டாம் நாள் இடுப்பு. ஆனால் கோடுகள் தாமாக வந்தன, அசிங்கமாக, கோணலாக, லாலோவின் கோடாகவே வந்தன. அவள் கை பழத்தை வைத்ததும் பெயிண்ட் வழிந்து தீயாயிற்று. துடைக்கக் கூடாது, துடைக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வலது கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டாள். கிட்டாரின் ஓட்டைகளையெல்லாம் ஆலை வழக்கப்படி டேப் ஒட்டி மூடியிருந்தாள். பதினெட்டுப் பழமும் வந்துவிட்டது. பதினோராவதுதான் வரவில்லை.

அதுவும் மற்றதைப் போல ஒரு பழம்தானே, அதற்கும் ஒழுகியிருக்க வேண்டும். ஒழுகாமல் யார் தடுத்தார்கள்? முழங்கை என்றால் முழங்கை அந்தப் பக்கமே வராது, கிட்டாரை மாட்டிக்கொண்டவளுக்கு அது இப்போது நன்றாகத் தெரியும். டாச்சோ உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தான், தேய்த்த இடம் தேய்த்த மாதிரியே இருந்தது. துணியால் ஒற்றினாள், காய்ந்த பிரஷ்ஷால் இழுத்தாள். எல்லாம் செய்து வைத்தது மாதிரித்தான் இருந்தது. சேலாவின் கண்ணுக்கு அது தப்புமா? பஸ்ஸின் பின் இருக்கையில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்று முன்கண்ணாடியில் பார்த்தே முப்பது வருஷம் ஓட்டியவள் அவள்.

இதற்கு நடுவில் கிட்டாரின் கழுத்துக் குழியில் பென்சிலால் எழுதும் வேலையும் இருந்தது. ஆலைகளில் அது பழைய வழக்கம். செய்தவர்கள் யாருக்கும் தெரியாமல் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கழுத்து பொருந்தும் குழிக்குள் எழுதுவார்கள், அப்புறம் கழுத்தைத் திருகி மூடிவிடுவார்கள். எல்வீராவும் எத்தனையோ கிட்டாரில் எழுதியிருக்கிறாள். இதில் மட்டும் எழுதக் கூடாது. அசலில் என்ன இருந்ததோ அதுதான் இருக்க வேண்டும். அசலில் "டி.ஓ." என்று இருந்தது. எந்த ஆலையில் வேலை பார்த்த எந்த டி.ஓ.வோ, யாருக்கும் தெரியவில்லை. ஒப்பந்தப்படி நூறு கிட்டாரிலும் எல்வீரா அந்த மனுஷியின் எழுத்தை அப்படியே போட வேண்டும். அது மனுஷிதான் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். ஓ-வை மூடாமல் விடுகிறவள் அவசரக்காரியாகத்தான் இருப்பாள், வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்கும் என்றெல்லாம் டாச்சோவிடம் சொன்னாள்.

"உன் எழுத்து எங்கயும் இல்லையே, கொமாத்ரே" என்றான் அவன்.

"ஆமா" என்றாள். வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை சேலா வந்தாள். முடித்து வைத்த மாதிரியை மடியில் போட்டுப் பார்த்தாள். இந்த முறை ஐந்து நிமிஷம் ஆகவில்லை. விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டே வந்தவள் பதினோராவது பழத்தில் நின்றாள்.

"மத்ததெல்லாம் அவன்தான். இது மட்டும் அவன் இல்ல" என்றாள்.

ராண்டால் எல்வீராவைப் பார்த்தார். எல்வீரா தரையைப் பார்த்தாள்.

"மத்ததை எப்படிம்மா செஞ்ச? எனக்குக் காட்டு."

மரமும் இலையும் வரைந்து, பழம் மட்டும் வைக்காமல் இன்னொரு கிட்டார் தயாராக இருந்தது. எல்வீரா வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் சேலா நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தாள்.

"இது உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, டோன்யா சேலா" என்றாள், பெரியவளுக்குத் தர வேண்டிய மரியாதையோடு. "பெயிண்ட் வழிஞ்ச திசையைப் பார்த்தேன். இவங்க தீங்குறாங்க. எனக்கு ஒழுகலாத்தான் தெரியுது. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க."

"தீயா? என்ன தீ? அவனுக்குப் பெயிண்ட் கலக்கத் தெரியாது, அவ்வளவுதான்." சேலா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்துவிட்டது. "எங்கப்பா அவனை வேலிக்குப் பச்சை அடிக்கச் சொன்னார். அவனுக்குக் கிட்டாரைக் கழட்ட மனசு வரல. மாட்டிக்கிட்டே அடிச்சான். கொஞ்சம் அடிப்பான், கொஞ்சம் வாசிப்பான். அப்புறம் வேலியை விட்டுட்டுக் கிட்டாருக்கே அடிக்க ஆரம்பிச்சான். மஞ்சள் பக்கத்து வீட்டுக் கதவுக்கு வாங்கினது. அம்பது வருஷமா என்னென்னவோ எழுதுறாங்க, ஒருத்தரும் என்னை வந்து கேக்கலயே. சரி, ஒயர் எங்க?"

"என்ன ஒயர்?"

"கிட்டார் ஒயர். அவன் ஒயர் குத்தாம நின்னதே கிடையாது. அன்னிக்கும் சமையக்கட்டு ஜன்னல் வழியா இழுத்து விட்டிருந்தான், நான் தடுக்கி விழுந்தேன்."

டாச்சோ சின்ன ஒலிபெருக்கி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து ஒயரைக் கொடுத்தான். கிட்டாரின் முகத்தில் கீழ்ப்பக்கமாக இருக்கும் ஓட்டையில் எல்வீரா டேப்பை உரித்துவிட்டு அதைக் குத்தினாள். அறை முழுவதும் லேசாக ஒரு முனகல் எழுந்தது. விரலில் துணி சுற்ற மறந்துவிட்டாள். பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பழம் வைக்க ஆரம்பித்தாள். வைக்க வைக்க வழிந்தது, வழியவிட்டாள். பத்து முடிந்தது. பதினோராவது பழத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒழுகல் புறப்பட்டு நேராக ஒயர் குத்திய ஓட்டையை நோக்கிப் போனது. ஓட்டைக்குள் பெயிண்ட் போனால் கிட்டாருக்குத் தொண்டை அடைத்துவிடும். அது கிட்டார்க்காரன் எவனுக்கும் தெரியும், ஆலைக்காரி எவளுக்கும் தெரியும்.

கட்டைவிரல் போய்ச் சரக்கென்று துடைத்துவிட்டது.

துடைத்த பிறகுதான் எல்வீராவுக்கு உயிர் வந்தது, வந்த வேகத்திலேயே போனது. இருபத்தேழு வருஷம் காத்திருந்து வாங்கிய பிரஷ்ஷை, கடைசிப் பார்வையன்று, பார்க்க வேண்டியவள் கண்ணெதிரிலேயே தன் கட்டைவிரல் காலி செய்துவிட்டது. கையில் பிரஷ் இருந்ததால் அதன் நுனியிலிருந்து இரண்டு சொட்டு வேறு பக்கத்தில் தெறித்திருந்தது. "மன்னிச்சிருங்க" என்றாள்.

சேலா எழுந்து கிட்டே வந்தாள். "அந்தப் படத்தைக் கொண்டாங்க" என்றாள்.

ராண்டால் படத்தைப் பிடித்தார். படத்தில் பதினோராவது பழத்துக்குக் கீழே ஒரு தீற்றல், ஓட்டையிலிருந்து விலகி வெளிப்பக்கமாக வளைந்து போகிறது. கிட்டாரிலும் ஒரு தீற்றல், அதே பக்கமாக அதே வளைவு. படத்தில் இரண்டு புள்ளி. கிட்டாரில் இரண்டு புள்ளி.

"நட்சத்திரம்" என்றான் டாச்சோ மெதுவாக.

சேலா அவன் சொன்னதைக் கேட்கவில்லை. "வேலியில ஒரு மஞ்சக் கோடு இருந்துச்சு" என்றாள். "பச்சை வேலியில, விரலால துடைச்ச மாதிரி ஒண்ணே ஒண்ணு. எங்கம்மா நான்தான் பண்ணேன்னு என்னை அடிச்சா. நான் இல்லேன்னு சொன்னேன், நம்பல. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. வேலியைப் பிடுங்குற வரைக்கும் அது அங்கதான் இருந்துச்சு." எல்வீராவின் மஞ்சள் விரலைப் பார்த்தாள். "படுபாவி. விரலை வேலியில துடைச்சிருக்கான்."

அண்ணன் செத்த அன்றுகூட அழாதவள் என்று ஊரில் பெயரெடுத்தவள் சேலா. அவள் அழுதாள். எல்வீராவும் சேர்ந்து அழுதாள், பயத்தில் பாதி, நிம்மதியில் பாதி.

கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் ராண்டாலுக்கு ஒரு சந்தேகம். அசலின் பெரிதாக்கிய படத்தை எடுத்து வந்து காட்டினார். தீற்றல் முடிகிற இடத்தில், விரல் எடுபட்ட இடத்தில், லாலோவின் ரேகை மெல்லிசாகப் பதிந்திருந்தது. எல்வீராவின் தீற்றலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். முடிகிற இடம் வழவழவென்று இருந்தது.

"உன் ரேகை எங்க, கொமாத்ரே?" என்றான் டாச்சோ.

"கேட்டுல மெஷின் இருக்கு, அதைக் கேளு."

ராண்டால் சேலாவிடம் திரும்பினார். "இந்தப் படத்தை வச்சு ரப்பர்ல ஒரு கட்டைவிரல் செஞ்சுடலாம். உங்க அண்ணன் ரேகையே நூறுலயும் வரும். வாங்குறவங்க அதைத்தான் விரும்புவாங்க."

"செத்தவன் விரலை ரப்பர்ல செய்வீங்களா?" என்றாள் சேலா. குரல் உயரவில்லை, பஸ்ஸை ஓரம் கட்டப் போகிறவளின் குரல் அது. "ஒழுகினா துடைக்கணும்னு அவன் துடைச்சான். ஒழுகினா துடைக்கணும்னு இவளும் துடைச்சா. ரப்பருக்கு அது தெரியுமா? நூறுலயும் இவ விரல்தான். அதை எழுதிக்குங்க, அப்பதான் என் கையெழுத்து செல்லும்."

எழுதிக்கொண்டார்கள்.

நூறு கிட்டாருக்கும் எட்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொன்றையும் தோளில் மாட்டி, ஒயரைக் குத்தி, பத்தொன்பது பழம் வைத்தாள். பதினோராவதற்குத் துணி சுற்றவில்லை, அவசரப்படவுமில்லை. ஒழுகல் ஓட்டைக்கு அரை விரல் தூரம் வரும்வரை பொறுத்திருந்து துடைத்தாள். கழுத்துக் குழிக்குள் டி.ஓ.வின் எழுத்தைப் பென்சிலால் போட்டாள், ஓ-வை மூடாமல். டாச்சோ அவற்றை அடித்துக் கீறிப் பழசாக்கினான். அந்தத் தீற்றலில் மட்டும் அவன் சாவிக்கொத்து படவில்லை. யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை.

நூறாவது கிட்டார் பெட்டிக்குள் போன பிறகு வந்த திங்கட்கிழமை காலை, எல்வீரா வாசலில் வந்து கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. நகத்தடியில் இன்னும் மஞ்சள் இருந்தது. துடைத்துவிட்டு வைத்தாள், சிவப்பு. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். மூன்றாம் முறையும் சிவப்புதான். எட்டு மாதத்தில் மிச்சம் மீதி இருந்த ரேகையும் போய்விட்டிருந்தது.

"உன்னை யாருன்னே தெரியலங்குது" என்று சொல்லிக்கொண்டு வெர்னன் நோட்டைப் பிரித்தான். பேனா எ-யைப் போட்டு மொ-வுக்குப் போகும்போது எல்வீரா நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"அடிச்சிட்டு மறுபடி எழுது, வெர்னன்" என்றாள். "எல்வீரா மொண்டால்வோ. முழுசா எழுது. நான் நிக்கிறேன்."